பலெர்மோவின் நிலவறைச் சேமக்காலை

இறந்தோர் உடலை யாது செய்வது என்னும் வினா மாந்தர் இனத்தின் பழமையான வினாக்களுள் ஒன்று. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, தமிழர் அறிந்திருந்த விடைகள் ஐந்தினை எண்ணிக் காட்டுகின்றது. சுடுதல், வெளியே இட்டு நீங்குதல், குழி தோண்டிப் புதைத்தல் முதலாய அம்முறைகள் தம்முள் வேறுபட்டனவாயினும், உடல் உருவழிந்து மறைதலே அவை யாவற்றுக்கும் முடிவாகும். அவ்வைந்தனுள்ளும் அடங்காத வேறொரு முறையினை இத்தாலி நாட்டைச் சேர்ந்த சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவிற் காணலாம். அங்கே துறவியர் மடமொன்றின் அடியில் அமைந்த நிலவறையில், இறந்தோர் தத்தம் உடையணிந்து, பெயர்ச்சீட்டுத் தாங்கி, சுவரோரமாக நிரை நிரையாக நிற்கின்றனர். ஏறக்குறைய மூன்று நூற்றாண்டு காலம் ஒரு நகரத்து மக்கள் தம் இறந்தோரை இங்ஙனம் வைத்துப் பேணியமைக்குக் காரணம் யாது? அவர்கள் எதனைக் காக்க விரும்பினர்? இன்று அந்நிலவறையிற் சென்று காண்போர் உண்மையில் எதனைக் காண்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலத்தின்கீழ் அமைந்த கல்லறைகளை ஐரோப்பியர் கற்றகோம் என வழங்குவர். அப்பெயர் முதலில் உரோமாபுரியின் ஆப்பியா நெடுஞ்சாலையருகே, புனித செபஸ்தியார் ஆலயம் அமைந்துள்ள ஓரிடத்துக்கே உரியதாயிருந்து, பின்னர் அவ்வகைக் கல்லறைகள் யாவற்றுக்கும் பொதுப் பெயராயிற்று. நகரெல்லைக்குள் இறந்தோரை அடக்கஞ் செய்தலை உரோமர் சட்டம் தடுத்தது. ஆதலின், கி. பி. 2ஆம் நூற்றாண்டு தொடக்கம் கிறிஸ்தவர்கள் நகர்ப்புறச் சாலைகளின் மருங்கே நிலத்தைக் குடைந்து அடக்கவிடங்களை அமைத்தனர். அங்குள்ள எரிமலைக் கல் வெட்டுதற்கு மென்மையானது. காற்றுப் பட்டபின் இறுகுவது. துன்புறுத்தப்பட்ட கிறிஸ்தவர் அச்சுரங்கங்களில் ஒளிந்து வாழ்ந்தனர் என்னும் கதை பரவலாக வழங்கினும், வரலாற்றறிஞர் அதனை ஏற்பதில்லை. அவை இறந்தோரை அடக்கிய இடங்கள். அவர் நினைவு நாள்களில் உறவினர் கூடிய இடங்கள். 5ஆம் நூற்றாண்டில் அங்கு அடக்கஞ் செய்தல் நின்றது. காலப்போக்கில் பெரும்பாலானவை மறக்கப்பட்டு, 1578ஆம் ஆண்டிலே சலாரியாச் சாலையருகே தொழிலாளர் மண் அகழ்ந்தபோது ஒன்று தற்செயலாக வெளிப்பட்டது. அதன்பின் அந்தோனியோ பொசியோவும், 19ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி பத்தீஸ்தா தெ ரொசியும் செய்த ஆராய்ச்சிகளால் உரோமாபுரியின் நிலவறைகள் உலகறிந்தனவாயின. அங்கெல்லாம் உடலைச் சுவர்க்குழியில் வைத்துப் பலகைக் கல்லாலோ ஓட்டினாலோ வாயை மூடி, அதன்மேற் பெயரைப் பொறித்தனர். வந்தவர் கண்டது பெயரையேயன்றி முகத்தையன்று. பெயரோடு முகத்தையும் காட்டத் துணிந்தது பலெர்மோ.

அதனைத் தொடங்கியவர்கள் கப்புச்சின் சபைத் துறவிகள். புனித பிரான்சிஸ் அசீசியாரின் வழிவந்தோருள், முன்னைய வறுமை நெறிக்கே மீள வேண்டும் என்று 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பிரிந்தவர்கள் இவர்கள். அங்கியோடு இணைந்த கூர்நுனி முக்காட்டினால் இப்பெயர் பெற்றனர். சபை தோன்றிய சில ஆண்டுகளுள்ளேயே பலெர்மோ நகர மதிலுக்கு வெளியே, சமாதான மாதா ஆலயத்தை அடுத்து மடம் அமைத்துத் தங்கினர். தம்முள் இறந்தோரை ஆலயத்தையொட்டிய பொதுக் குழியொன்றில் இறக்கி வந்தனர். சபை பெருகக் குழி போதாதாயிற்று. எனவே, 1597ஆம் ஆண்டளவில் ஆலயத்தின் பின்புறமாக நிலத்தைக் குடைந்து பெரியதொரு சேமக்காலையை ஆக்கத் தலைப்பட்டனர். 1599ஆம் ஆண்டிற் பழைய குழியிலிருந்தோரைப் புதிய இடத்துக்கு மாற்ற முற்பட்டபோது, எலும்புகளையே எதிர்பார்த்த துறவிகள் வியப்புற்றனர். நாற்பத்தைந்து உடல்கள் அழியாதிருந்தன. முகங்களைக் கண்டு இன்னார் இன்னார் என அறியக்கூடியதாகவும் இருந்தது.

இதன் காரணம் இன்று எளிதிற் புலப்படும். உடலை அழிப்பன நுண்ணுயிர்கள். அவை தொழிற்படுவதற்கு ஈரம் வேண்டும். காற்று வறண்டு, உடலின் நீர் விரைவில் நீங்குமாயின் அழுகுதல் தடைப்படும். தோல் எலும்போடு ஒட்டி உலர்ந்து நிற்கும். எகிப்தின் மணற்பாலையில் இயற்கை செய்தது இதுவே. ஆயினும், அன்றைய துறவிகள் இதனை இறைவனின் குறிப்பென்றே கொண்டனர். மீளவும் புதைக்க மனமின்றி, அவ்வுடல்களைப் புதிய நிலவறையின் சுவர் மாடங்களில் நிறுத்தினர். அவர்களுள் முதல்வராகக் கூறப்படுபவர் கூபியோ நகரத்துச் சில்வெஸ்திரோ என்னும் துறவி. 1599ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் நாளைக் குறிக்கும் சீட்டுடன் இன்றும் அவர் அங்கே நிற்கின்றார். தவத்தின் அடையாளமாகக் கழுத்திற் கயிறு தாங்கிய துறவிகளும் அந்நிரையில் உளர். அன்றாடம் அவ்வழியே நடக்கும் துறவி, நேற்றுத் தன்னோடு உண்டவர் இன்று நிற்கும் நிலையைக் கண்டு, நாளைத் தனக்கும் அதுவே என உணர்தல் வேண்டும் என்பதே கருத்து. யாக்கை நிலையாமையை நம்மவர் பாட்டாற் கற்பித்தனர். அவர்கள் உடலையே பாடமாக நிறுத்தினர்.

இயற்கையாக நிகழ்ந்ததனை முறையாகச் செய்தற்கும் அவர்கள் கற்றுக்கொண்டனர். நிலவறையின் பக்கங்களிற் சிற்றறைகள் உள. அவற்றிற் சுடுமண் குழாய்களை வரிசையாகப் பரப்பி, அவற்றின்மேல் உடலைக் கிடத்திக் கதவை அடைத்துவிடுவர். உடலின் நீர் குழாய்களின் இடைவெளியால் வடிந்து செல்லும். எட்டுத் திங்கள் முதல் ஓராண்டளவு கழிந்தபின் கதவைத் திறந்து, உலர்ந்த உடலை வெளியே எடுத்து, வினாகிரியாற் கழுவிக் காற்றாட வைப்பர். பின்னர் உள்ளே வைக்கோல் முதலியவற்றை அடைத்து, ஆடையுடுத்தி, உரிய இடத்தில் நிறுத்துவர். கொள்ளைநோய் பரவிய காலங்களில் இம்முறைக்கு இடமின்மையால், பாசாணங் கலந்த நீரிலோ சுண்ணாம்பு நீரிலோ உடலை அமிழ்த்தி எடுத்ததும் உண்டு. எகிப்தியரின் நறுமணப் பொருள்களும் மந்திரங்களும் இங்கில்லை. குழாயும் வினாகிரியும் பொறுமையுமே இவர்களின் கருவிகள்.

தொடக்கத்தில் இந்நிலவறை துறவிகளுக்கே உரியதாயிருந்தது. பின்னர் சபைக்குக் கொடையளித்த பெருமக்கள் தமக்கும் அங்கே இடம் வேண்டினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், வேண்டுவோர் யாவர்க்கும் கதவு திறந்தது. இங்கேதான் இதன் வரலாறு திசைமாறியது. வறுமையும் பணிவும் கற்பிக்க எழுந்த இடம், நகரத்துச் செல்வர் விரும்பித் தேடும் இடமாயிற்று. எந்த உடையில் தம்மை வைத்தல் வேண்டும் என்றும், அதனைக் காலந்தோறும் மாற்றுதல் வேண்டும் என்றும் மரணசாசனத்தில் எழுதி வைத்தோரும் இருந்தனர் என்பர். உடல் நிலையற்றது என்பதைக் காட்டத் துறவிகள் செய்த ஒன்றை, உடலை நிலைபெறச் செய்யும் வழியாக நகரத்தார் கொண்டமை வியப்பன்று. ஒரே காட்சியினின்றும் துறவி ஒரு பாடத்தையும் இல்லறத்தான் வேறொரு பாடத்தையும் கற்பது உலகியல்பே.

படிகளில் இறங்கிச் செல்வோர் நீண்ட நடைவழிகளைக் காண்பர். வெண்சாந்து பூசிய சுவர்கள், வளைந்த கூரை, மேலே சிறு சாளரங்கள். இருமருங்கும் மாடங்களிலும் தட்டுக்களிலும் பேழைகளிலும் இறந்தோர். துறவியர்க்கு ஒரு வழி, குருமார்க்கு ஒரு வழி, ஆடவர்க்கு ஒன்று, பெண்டிர்க்கு ஒன்று, வழக்கறிஞர், ஓவியர், படைவீரர் முதலிய தொழிலோர்க்கு ஒன்று எனப் பிரிவுகள் உள. மணமாகாது இறந்த கன்னியர்க்குத் தனியிடம் உண்டு. அவர்தம் தலையில் உலோக முடி சூட்டப்பட்டுள்ளது. சிறார்க்கும் தனியறை உண்டு. ஆடவர் பெரும்பாலும் நிற்க, பெண்டிர் பெரும்பாலும் கிடந்த நிலையிலேயே வைக்கப்பட்டுள்ளனர். பட்டும் பூத்தையலும் நிறமிழந்து தொங்குகின்றன. உலர்ந்தபோது தசைநார் சுருங்கியமையாற் சிலர் வாய் திறந்து கூவுவார் போலவும், சிலர் தலைசாய்த்து அயலாரோடு உரையாடுவார் போலவும் தோன்றுகின்றனர். ஏறக்குறைய எண்ணாயிரவர் இங்கே வைக்கப்பட்டனர் என வழக்கமாகக் கூறுவர். அவர்களுள் 1,200க்கு மேற்பட்டோரின் உடல்கள் முழுமையாகவோ பகுதியாகவோ உலர்ந்த உருவில் எஞ்சியுள்ளன. இறந்தும் இவர்கள் ஆணும் பெண்ணுமாய், குருவும் உலகத்தாருமாய், தொழிலாலும் நிலையாலும் வேறுபட்டே நிற்கின்றனர். சாவு யாவரையும் ஒப்பாக்கும் என்பர். பலெர்மோவில் அதற்கு அவ்வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

ஆயினும், பெருமையுணர்ச்சி ஒன்றையே காரணமாகக் காட்டி அந்நகரத்தாரை மதிப்பிடுதல் முறையன்று. அவர்கள் தம் இறந்தோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மறந்து போனவரல்லர். குடும்பத்தவர் குறித்த நாள்களில் வந்தனர்; தலைவாரினர்; கிழிந்த உடையை மாற்றினர்; கையைப் பற்றி நின்று செபித்தனர். பேணுதற்காகத் துறவிகளுக்குக் காணிக்கையும் அளித்து வந்தனர். காணிக்கை நின்றவிடத்து, அவ்வுடல் தன் மாடத்திலிருந்து எடுக்கப்பட்டுத் தட்டொன்றில் ஒதுக்கி வைக்கப்படும் என்பர். கேட்போர்க்கு இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால், அதன் உட்பொருள் தெளிவானது. இறந்தோன் இருக்கும் இடம், அவனை நாடி வருவோர் உளர் என்பதற்குச் சான்று. வருவோர் அற்றபோது இடமும் அற்றது.

சிசிலி மக்களின் பிறிதொரு வழக்கம் இதனை மேலும் விளக்கும். நவம்பர் 2ஆம் நாள் இறந்த ஆன்மாக்களை நினைவுகூரும் திருநாள். அன்று காலையில் அத்தீவின் சிறார் கண்விழிக்கும்போது, அவர்க்கென மறைத்து வைத்த பரிசுப் பொருள்களும் சர்க்கரைப் பாவைகளும் வாதுமைப் பழகாரங்களும் காத்திருக்கும். அவற்றை இரவிற் கொண்டுவந்தோர் இறந்துபோன பாட்டனும் பாட்டியும் என்று பெரியோர் சொல்வர். இறந்தோர் அச்சுறுத்தும் பேய்களல்லர். குழந்தைகளை நினைந்து பண்டம் கொண்டுவரும் உறவினர். திதி நாளிற் பிதிரரை அழைத்து எள்ளும் நீரும் இறைக்கும் மரபில் வந்த நமக்கு இவ்வுணர்ச்சி அந்நியமானதன்று. நாம் பெயர் சொல்லி அழைக்கின்றோம். அவர்கள் முகம் பார்த்துப் பேசினர்.

இவ்வேறுபாட்டினை அங்குச் சென்ற இலக்கிய ஆசிரியர் இருவரிடம் காணலாம். இத்தாலியக் கவிஞர் இப்போலித்தோ பிண்டெமொந்தே 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே இந்நிலவறையைக் கண்டார். கல்லறைகளைப் பற்றி அவர் பாடிய செய்யுளில், உயிரோடிருப்போர் தம் இறந்தோரைத் தேடிவந்து அன்புடன் உறவாடும் இடமாக இதனைப் போற்றினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், 1885ஆம் ஆண்டிலே, பிரெஞ்சு எழுத்தாளர் மோப்பசான் சிசிலிக்குச் சென்றார். அவருடைய பயணநூலிற் காண்பது அருவருப்பும் அச்சமுமே. இருவரும் கண்ட நிலவறை ஒன்றே. ஆயினும், முன்னவர் நோக்கியது உறவினர் கூட்டத்தை. பின்னவர் நோக்கியது உலர்ந்த தோலை. எதனை நோக்கினரோ அதனையே கண்டனர்.

மோப்பசான் சென்ற காலத்திற்குள் அவ்வழக்கம் முடிவெய்தத் தொடங்கியிருந்தது. ஒன்றுபட்ட இத்தாலியின் அரசு பொதுச் சுகாதாரங் கருதி விதித்த தடையினால், 1880ஆம் ஆண்டையடுத்து இங்கு உடல்களை வைத்தல் பெரும்பாலும் நின்றது. இதே சுகாதாரக் கவலை பாரிசு மாநகரில் ஒரு நூற்றாண்டு முன்னரே வேறொரு நிலவறையைத் தோற்றுவித்திருந்தது. அங்கு மாசிலார் சேமக்காலை பல நூற்றாண்டுகளாக நிரம்பி வழிந்து, 1780ஆம் ஆண்டில் அயல்வீடொன்றின் நிலவறைச் சுவர் அதன் பாரந் தாங்காது இடிந்தது. சேமக்காலை மூடப்பட்டது. எலும்புகளை நகரின் அடியிலுள்ள பழைய கல்லகழ் சுரங்கங்களுக்குக் கொண்டு செல்லத் தீர்மானித்து, 1786ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் அவ்விடத்தை மந்திரித்தனர். இரவுதோறும் கருந்துணி போர்த்த வண்டிகள், குருமார் செபித்து உடன்வர, எலும்புகளைச் சுமந்து சென்றன. காலப்போக்கில் வேறு சேமக்காலைகளின் எலும்புகளும் சேர்ந்தன. இன்று ஏறக்குறைய அறுபது இலட்சம் பேரின் எலும்புகள் அங்கே சுவராக அடுக்கப்பட்டுள்ளன. எவ்வெலும்பு எவருடையது என எவரும் சொல்ல இயலாது. அரசனுக்கு ஊழியஞ் செய்தவனும் வீதியிற் பிச்சையேற்றவனும் ஒரே அடுக்கில் உளர். பலெர்மோ மறுத்த ஒப்புரவைப் பாரிசு வழங்கிற்று. பலெர்மோ காத்த பெயரைப் பாரிசு இழந்தது.

மீண்டும் பலெர்மோவுக்கு வருவோம். தடையின் பின்னரும் விதிவிலக்காகச் சிலர் அங்கே வைக்கப்பட்டனர். அவர்களுள் யாவரினும் புகழ்பெற்றவள் ரொசாலியா லொம்பார்தோ என்னும் குழந்தை. இரண்டு வயது நிறைவதற்குச் சில நாள்களே இருக்கையில், 1920ஆம் ஆண்டு டிசம்பரில், நுரையீரற் காய்ச்சலால் அவள் இறந்தாள். துயர் தாளாத தந்தை, உடல் பதனிடுவதில் வல்ல அல்பிரேதோ சலாபியாவை நாடினார். சலாபியா குழாய்த் தட்டுக்களைப் பயன்படுத்தவில்லை. மருந்துக் கலவையொன்றைக் குருதி நாளத்திற் செலுத்தினார். அக்கலவையின் மருமம் நெடுங்காலம் அறியப்படாதிருந்து, அவர் கையெழுத்துக் குறிப்புக்கள் கிடைத்தமையால் 2009ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. பார்மலின் நுண்ணுயிர்களைக் கொன்றது; மதுசாரம் உடலை உலர்த்தியது; கிளிசரீன் மிகையாக உலராது தடுத்தது; சலிசிலிக் அமிலம் பூஞ்சணத்தை விலக்கியது; நாக உப்புக்கள் உடலுக்கு உறுதி தந்தன. கன்னமும் இமையும் நெற்றிமயிரும் சிதையாது, உறங்கும் குழவிபோல அவள் கண்ணாடியின்கீழ்க் கிடக்கின்றாள். அவள் கண் திறந்து மூடுகின்றாள் என்று ஒரு பேச்சு உலகெங்கும் பரவியது. அவளுடைய இமைகள் என்றும் முற்றாக மூடியிருந்ததில்லை. சாளரத்தொளியின் கோணம் நாள்முழுதும் மாறுவதால் அவ்வாறு தோன்றுகின்றது என நிலவறையின் காப்பாளரே விளக்கியுள்ளார். விளக்கம் கேட்டபின்னரும் மக்கள் அவள்முன் நெடுநேரம் நிற்கின்றனர். கண் திறக்கும் என்று காத்திருப்போர் சிலர். தம் வீட்டுக் குழந்தையை நினைந்து நிற்போர் பலர்.

20ஆம் நூற்றாண்டு இந்நிலவறைக்கு இன்னல்கள் பல செய்தது. 1943ஆம் ஆண்டின் வான்குண்டு வீச்சினாற் பகுதிகள் சிதைந்தன. 1966ஆம் ஆண்டில் தீயினாலும் அழிவு நேர்ந்தது. இவற்றினும் மெல்லென நிகழ்ந்த இழப்பு வேறொன்று. தலைவார வந்த பெண்களின் மக்களும் மக்களின் மக்களும் வருதலை நிறுத்தினர். அவர்தம் இடத்தை உல்லாசப் பிரயாணிகள் நிரப்பினர். இறந்தோரைத் தொடவும், அவர் அருகில் நின்று படம் எடுக்கவும் முற்பட்டோரைத் தடுக்க இரும்புக் கம்பிகள் பொருத்தப்பட்டன; படம் எடுத்தலும் தடுக்கப்பட்டது. முன்னர் கைப்பற்றிச் செபித்த இடத்தில் இன்று கம்பி நிற்கின்றது.

அண்மைக் காலத்தில் அறிவியலாரும் அங்கே செல்கின்றனர். அவர்கள் உடலைப் பிளவாது, எக்ஸ் கதிர்ப் படங்களின் துணையால் உண்ட உணவையும் உற்ற நோயையும் வாழ்ந்த நிலையையும் அறிகின்றனர். 19ஆம் நூற்றாண்டிற் சிறுவயதில் இறந்தோரை இவ்வாறு ஆராயும் முயற்சியொன்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. மடத்தின் பதிவேடுகளோ பெயரும் நாளும் அன்றி மிகுதி கூறுவதில்லை. எச்சிறான் எந்நோயால் வருந்தினான் என்பதை அவன் எலும்பே இனிக் கூறுதல் வேண்டும். இங்கே நாம் ஆராய வேண்டுவதொன்று உண்டு. துறவிகள் தம் விருப்பாலே அங்கே நிற்கின்றனர். செல்வர் மரணசாசனம் எழுதி நிற்கின்றனர். குழந்தைகளோ எவ்விருப்பத்தையும் தெரிவித்தாரல்லர். பெற்றோரின் துயரமே அவர்களை அங்கு வைத்தது. அத்துயரம் அறியாதார் பார்வைக்கு அவர்களை வைத்தல் தகுமா என்று இன்று அறிஞர் வினவுகின்றனர். அழியவிடுதல் தகுமா என்பதும் எதிர்வினாவாக எழுகின்றது. இதற்கு எளிய விடையில்லை.

ஆயினும், இந்நிலவறையின் வரலாறு ஒன்றினைத் தெளிவாகக் காட்டுகின்றது. உடல்களை அழியாது காத்தது வறண்ட காற்று, சுடுமண் குழாய், மருந்து. அவ்வுடல்களை மனிதராகக் காத்தது உறவினரின் வருகை. காற்று இன்றும் வறண்டே உள்ளது. தோலும் மயிரும் இன்றும் உள. ஆனால், வருகை நின்ற நாளிலிருந்து அவர்கள் பாட்டனும் பாட்டியுமல்லராய்க் காட்சிப்பொருள்களாயினர். இன்று அங்குச் செல்வோர் அவர்தம் உறவினரல்லர். எனினும், உறவினர் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். சீட்டில் எஞ்சியிருக்கும் பெயரை ஒருமுறை படித்து, இவரும் ஒரு தாய்க்கு மகன், ஒரு வீட்டுக்கு விளக்கு என்று எண்ணி அமைதியாக அகல்வோர், நின்றுபோன அவ்வருகையைச் சிறிதளவேனும் தொடர்ந்தவராவர். இறந்தோர்க்கு இருப்போர் செய்யும் கடமை நாட்டுக்கு நாடு வடிவால் வேறுபடலாம். எரித்த சாம்பலைக் கடலிற் கரைத்தவர்க்கும், உலர்ந்த உடலுக்கு உடை மாற்றியவர்க்கும் அக்கடமை ஒன்றே: மறவாமை.